பொருளுக்கேற்ற கலம்

(செம்மேட்டில், ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடிய கூட்டத்தில் கொல்லிமலை வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)





நம் மலையில் விளையும் மிளகும் காப்பியும் அன்னாசியும் பெரும்பாலும் மூட்டையாகவே கீழே இறங்குகின்றன. மூட்டையாக இறங்கும் பொருளுக்கு வாங்குகிறவர்தாம் விலை சொல்கிறார். அதையே பக்குவப்படுத்திப் பொட்டலமாக்கினால் விலை சொல்லும் உரிமை ஓரளவேனும் நம் கைக்கு வருகிறது. இதனை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் பணியாற்றியதன் பயனாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் மகளிர் குழுக்களின் கையால் சுத்தம் செய்யப்பட்டுப் பொட்டலமாகிச் சமவெளிக் கடைகளுக்குச் சென்றன.

இப்பொழுது நம் குழுக்கள் வேறொரு துறையில் அடியெடுத்து வைக்க விரும்புகின்றன. குளியல் பொடி, சீயக்காய்த் தூள், கூந்தல் தைலம், சோப்பு, தேன்மெழுகுக் களிம்பு ஆகிய அழகுப் பொருள்களைத் தயாரித்து விற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம். ஆனால், என்னிடம் வரும் குழுவினர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, ‘எந்த டப்பா வாங்கலாம்?’ என்பதே. வியாபாரிகள் பளபளப்பான ஜாடிகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பத்தாயிரம் எடுத்தால் விலை குறையும் என்கிறார்கள். குழுவின் சுழல்நிதியில் பெரும்பகுதி காலி டப்பாக்களிலேயே முடங்கிவிடும் நிலை உண்டாகிறது.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். விற்பனைப் பொருளுக்கும் அது பொருந்தும். ஆயினும் ஆடை ஆளுக்கு அளவாக இருக்க வேண்டும். எனவே, இன்று நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்று. கலத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். பொருளைப் பார்த்துக் கலத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பொருளைக் கெடுப்பது எது என்று முதலில் கேளுங்கள். அந்தப் பகையைத் தடுப்பதே நல்ல கலம்.

முன்னோர் காட்டிய வழி

இது புதிய பாடம் அன்று. நம் வீடுகளில் குங்குமத்தை மரச் சிமிழில் வைத்தார்கள். ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் வைத்தார்கள். உப்பும் புளிப்பும் பீங்கானை அரிப்பதில்லை. தேனைச் சுரைக்குடுவையிலும் மூங்கில் குழாயிலும் எடுத்து வந்தார்கள். அவை மலைப்பாதையில் உடைவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கலம் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. அந்த அறிவையே இன்றைய புட்டிக்கும் உறைக்கும் நாம் பயன்படுத்த வேண்டும்.

அழகுப் பொருள்களுக்குப் பகை நான்கு: ஈரம், காற்று, வெளிச்சம், கை. இவற்றுள் எது எந்தப் பொருளுக்குப் பெரும்பகை என்பதைப் பார்ப்போம்.

பொடி வகைகள்

பயற்றம்மாவு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் முதலியன சேர்ந்த குளியல் பொடிக்கும் சீயக்காய்த் தூளுக்கும் முதற்பகை ஈரம். நம் மலையில் மழைக்காலத்திலும் மூடுபனிக் காலத்திலும் காற்றே ஈரமாக இருக்கிறது. அந்த நாளில் அரைத்துத் திறந்து வைத்த பொடி, பொட்டலமிடும் முன்பே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எவ்வளவு விலையுயர்ந்த ஜாடியில் அடைத்தாலும் உள்ளே கட்டி பிடிக்கும், பூஞ்சணம் பூக்கும். ஆதலால் நன்றாக உலர்ந்த நாளில் அரைத்து, ஆறியவுடன் அடைக்க வேண்டும். காகித உறை மட்டும் போதாது. காகிதம் ஈரத்தை உள்ளே விடும். உட்புறம் ஈரம் புகாத படலம் ஒட்டிய உறையோ, இறுகிய மூடியுள்ள டப்பாவோ தேவை.

மஞ்சள் சேர்ந்த பொடிக்கு இரண்டாம் பகை வெளிச்சம். மஞ்சளின் நிறம் ஒளிபட்டால் வெளுக்கும். கடையின் முன்தட்டில் கண்ணாடி ஜாடியில் வைத்த பொடி சில வாரங்களில் பழைய சரக்குப் போல் தோன்றும். உள்ளே இருப்பதை வாங்குவோர் பார்க்க வேண்டுமென்று எண்ணித்தான் நாம் கண்ணாடி போன்ற டப்பாவை நாடுகிறோம். பொடிக்கு அது ஆகாது. ஒளி புகாத உறையே ஏற்றது.

தைல வகைகள்

கூந்தல் தைலத்தைக் கெடுப்பவை காற்றும் வெளிச்சமும். அவற்றால்தான் எண்ணெயில் சிக்கு வாடை உண்டாகிறது. செம்பு, இரும்பு ஆகியவற்றின் தொடர்பு அதனை விரைவுபடுத்தும். ஆகையால் தைலத்தைச் செப்புப் பாத்திரத்திலோ துருப்பிடித்த தகரத்திலோ சேமித்து வைக்கலாகாது. குறுகிய கழுத்துள்ள புட்டியில் காற்றுப்படும் பரப்புக் குறைவு. பழுப்பு நிறப் புட்டி வெளிச்சத்தைத் தடுக்கும்.

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்திற்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் இங்கே கல்லாக உறைந்திருக்கும் எண்ணெய், நாமக்கல் வெயிலில் உருகிப் பெருகும். புட்டியை வாய்வரை நிரப்பினால் மூடிவழியே கசிந்து, மேலுள்ள விவரச் சீட்டையும் அட்டைப்பெட்டியையும் நனைத்துவிடும். ஆகவே கழுத்துக்குக் கீழே சிறிது இடம் விட்டு நிரப்ப வேண்டும்.

பிளாஸ்டிக் புட்டிகளின் அடியில் முக்கோணக் குறியும் அதனுள் ஓர் எண்ணும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 1 என்பது பெட் வகை. பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் சுடச்சுட எண்ணெய் ஊற்றினால் சுருங்கி நெளியும். 2 என்பது அடர்த்திமிக்க பாலிஎதிலீன். 5 என்பது பாலிபுரொப்பிலீன். இவை உறுதியானவை, 5ஆம் வகை சூட்டையும் நன்கு தாங்கும். எலுமிச்சைப்புல் தைலம் போன்ற வாசனைத் தைலங்கள் 6 எனக் குறித்த பாலிஸ்டைரீனை இளக்கிக் கரைத்துவிடும். அவற்றைக் கண்ணாடிப் புட்டியில் வைப்பதே நன்று.

சோப்பும் களிம்பும்

கையால் செய்யும் சோப்பு வார்த்த பிறகு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை காற்றில் உலர வேண்டும். அந்நாள்களில் அதிலுள்ள நீர் குறைந்து எடையும் குறைகிறது. அவசரப்பட்டு உறையிட்டால் உள்ளே வியர்க்கும். சீட்டில் 100 கிராம் என்று அச்சிட்ட கட்டி கடையில் அதைவிடக் குறைவாக நிற்கும். அது அளவையில் குற்றமாகும். சோப்பு காரத்தன்மை உடையது, அலுமினியத்தை அரிக்கும். ஆகவே அதற்கு அலுமினியச் சிமிழ் வேண்டா. நன்கு உலர்ந்த சோப்புக்குக் கெட்டியான காகிதமும் அட்டைப்பெட்டியும் போதும்.

தேன்மெழுகும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த களிம்பில் நீர் இல்லை. நீர் இல்லாத இடத்தில் கிருமி எளிதில் வளராது. ஆகவே உதட்டுக்கும் குதிகால் வெடிப்புக்கும் பூசும் இக்களிம்பு, புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு ஏற்ற பொருள். சிறிய தகரச் சிமிழோ, அலுமினியச் சிமிழோ இதற்குப் பொருந்தும். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி வரையிலான வெப்பத்தில் உருகும்; எண்ணெய் கலந்த களிம்பு அதற்கு முன்னரே இளகும். சமவெளியின் சித்திரை வெயிலைக் கருதிக் கோடையில் மெழுகின் பங்கைச் சற்று உயர்த்த வேண்டும்.

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை பழங்குடி மக்களோடு தேன், தேன்மெழுகுத் துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. அதனோடு தொடர்புடைய ‘லாஸ்ட் பாரஸ்ட்’ என்னும் விற்பனை நிறுவனம் தேன்மெழுகுக் களிம்பையும் சோப்பையும் விற்கிறது. மலைப்பொருள் தன் மலையின் பெயரோடு நகரத்தில் விலைபோக முடியும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

சோற்றுக் கற்றாழைக் கூழ், பாலேடு போன்ற முகப்பூச்சு ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றில் நீர் மிகுதி. பகை நான்கில் கடைசியாகச் சொன்ன ‘கை’ இங்கேதான் பெரும்பகையாகிறது. அகன்ற வாய் ஜாடியில் நாள்தோறும் விரலை விட்டு எடுத்தால் விரலிலுள்ள கிருமி கூழில் பெருகும். அதனைப் பூசுகிறவர் முகத்தில் கொப்புளம் உண்டாகலாம். கண்ணருகே பட்டால் பார்வைக்கே கேடு வரலாம். இத்தகைய பொருளுக்கு அழுத்தி எடுக்கும் குழாயோ, பம்பு மூடியுள்ள புட்டியோ வேண்டும். தக்க பாதுகாப்புச் சரக்கும், ஆய்வுக்கூடச் சோதனையும் வேண்டும். அந்த வசதிகள் கிட்டும்வரை கற்றாழைக் கூழைக் குழுக்கள் விற்பனைக்குத் தயாரிக்க வேண்டா என்பதே என் உறுதியான ஆலோசனை.

மலைப்பாதையின் சோதனை

நம் சரக்கு காரவள்ளிச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் கீழே இறங்க வேண்டும். கண்ணாடிப் புட்டிகளுக்கு இடையே அட்டைத் தடுப்பு இல்லையேல் ஒன்றோடொன்று மோதி உடையும். இறுக்கமாக அடுக்கிய பெட்டியில் உடைவது குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சமவெளியிலிருந்து வரும் தின்பண்டப் பைகள் நம் கடைகளில் பலூன்போல் உப்பியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுள்ள இம்மலைமேல் காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதே அதற்குக் காரணம். நாம் இங்கே அடைத்துக் கீழே அனுப்பும்போது இது தலைகீழாக நிகழும். மெல்லிய புட்டியின் பக்கங்கள் உள்நோக்கி ஒடுங்கும். பொருளில் ஒரு குறையும் இல்லாவிடினும், நசுங்கிய புட்டியைக் கடைக்காரர் திருப்பிவிடுவார். ஆகவே சற்றுத் தடித்த சுவருள்ள புட்டியை வாங்க வேண்டும்; பொடி உறைகளில் காற்றை வெளியேற்றிவிட்டு ஒட்ட வேண்டும்.

மொத்தமாக வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு கலங்களில் பொருளை நிரப்புங்கள். சிலவற்றைத் தலைகீழாக ஓர் இரவு காகிதத்தின்மேல் நிறுத்திக் கசிவைப் பாருங்கள். சிலவற்றைப் பேருந்தில் இராசிபுரம்வரை அனுப்பித் திரும்பப் பெறுங்கள். சிலவற்றை வெயில்படும் இடத்திலும், சிலவற்றை நிழலிலும் மூன்று மாதம் வைத்து நிறம், மணம், எடை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். இதற்கு ஆகும் செலவு சொற்பம். பத்தாயிரம் டப்பா வாங்கிய பின்னர் வருந்துவதைவிட இது மேலானது.

அளவும் விலையும்

கலத்தின் அளவைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். தமிழ்நாடு இதில் நாட்டுக்கே வழிகாட்டியது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், வசதியுள்ளோர் வாங்கும் பொருளை ஏழை எளியோரும் வாங்க வேண்டுமென்று கருதிச் சிறு சாஷே உறைகளில் அடைக்கும் முறையை வளர்த்தார். அவர் குடும்பத்தினர் வெல்வெட் ஷாம்பூவைச் சாஷேயில் விற்றனர். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனம் ‘சிக்’ ஷாம்பூவைச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றது. முழுப்புட்டி வாங்க இயலாத கூலித் தொழிலாளியும் ஒரு தடவைக்குரிய அளவை வாங்க முடிந்தது. வாங்குவோரின் கையிருப்பை அறிந்து கலத்தின் அளவைத் தீர்மானித்ததே அந்த வெற்றியின் காரணம்.

அந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பல படலங்களை ஒன்றாக ஒட்டிச் செய்த சாஷே உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். அது ஓடையிலும் வயலிலும் கிடக்கிறது. நம் மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் செல்லும் வழியில் நம் பொருளை வாங்கி, உறையை அங்கேயே எறிந்தால், அதனைப் பொறுக்கும் செலவு ஊராட்சியின் தலையில் விழும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் முதலிய பல பொருள்களுக்குத் தடை இருக்கிறது. ஆகவே 10 கிராம் சாஷேயைவிட, 100 கிராம் உறையும் காலிப்புட்டியைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் நமக்குப் பொருந்தும்.

விலைக் கணக்கையும் பாருங்கள். ஒரு பொட்டலம் குளியல் பொடிக்கு மூலப்பொருளும் கூலியும் சேர்ந்து 40 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 5 ரூபாய் உறையில் அடைத்தால் அடக்க விலை 45 ரூபாய். 25 ரூபாய் ஜாடியில் அடைத்தால் 65 ரூபாய். அந்த 20 ரூபாய் வேறுபாடு பொடி இடித்த சகோதரிக்குப் போகவில்லை. ஜாடி செய்த ஆலைக்குப் போகிறது. பொருளைக் காப்பதற்குத் தேவையான செலவைத் தயங்காமல் செய்யுங்கள். வெறும் பகட்டுக்காகச் செய்யும் செலவை விலக்குங்கள். அச்சிட்ட டப்பாக்களை ஆயிரக்கணக்கில் வாங்குவதற்குப் பதிலாக, அச்சில்லாத டப்பாக்களைக் குறைவாக வாங்கி, விவரச் சீட்டை மட்டும் அச்சிட்டு ஒட்டினால், பொருளை மாற்றினாலும் டப்பா வீணாகாது.

பழைய புட்டிகளைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கின்றனர். பூச்சிமருந்து இருந்த எந்தக் கலத்தையும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அதன் நஞ்சு முழுவதும் நீங்காது. மதுப்புட்டி, மருந்துப்புட்டி ஆகியவற்றையும் விற்பனைப் பொருளுக்குப் பயன்படுத்தலாகாது.

சட்டமும் விவரச் சீட்டும்

அழகுப் பொருள் விற்பனைக்கு 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளும் உண்டு. விற்பனைக்காகத் தயாரிப்போர் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். தனியே ஆலை அமைக்க இயலாத குழுவினர், உரிமம் பெற்ற மற்றொருவரின் ஆலையில் தமக்காகத் தயாரித்துக்கொள்ளும் கடன் உரிம முறையும் விதிகளில் இருக்கிறது.

விவரச் சீட்டில் பொருளின் பெயர், தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், சேர்ந்துள்ள பொருள்கள், நிகர எடை அல்லது அளவு, எந்த மாதம் எந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்னும் விவரம் ஆகியவை இருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலையும், குறை சொல்ல விரும்புவோர் தொடர்புகொள்ளும் முகவரியும் வேண்டும். இவை வெறும் சம்பிரதாயம் அல்ல. தொகுதி எண் இருந்தால், ஒரு நாள் தயாரிப்பில் குறை நேர்ந்தபோது அந்த நாளின் சரக்கை மட்டும் திரும்பப் பெறலாம். எண் இல்லாவிடில் அத்தனை சரக்கையும் அழிக்க நேரிடும்.

சீட்டில் ‘படை தீரும், சொறி நீங்கும்’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய கணத்திலேயே அது சட்டத்தின் கண்ணில் மருந்தாகிவிடும். அதற்கு வேறு உரிமம் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களின் கடமை

இதில் ஊராட்சிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான்கு வேலைகள் உண்டு. ஒன்று, பொருள் அடைப்பதற்கு ஒழுகாத, உலர்ந்த, சுத்தமான ஓர் அறை கிடைக்க வழி செய்வது. இரண்டு, பல குழுக்களும் ஒரே வகைக் கலத்தைச் சேர்ந்து வாங்குமாறு ஒன்றுபடுத்துவது. 14 ஊராட்சிகளும் சேர்ந்தால் சிறு குழுவுக்கும் மொத்த விலை கிட்டும். மூன்று, காலிப்புட்டியைத் திரும்பப் பெறும் இடத்தைச் சந்தையிலும் கோயிலருகிலும் அமைப்பது. நான்கு, உரிமம் இன்றி, விவரச் சீட்டு இன்றி ‘கொல்லிமலைச் சரக்கு’ என்று விற்பவரைக் கண்டால் உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது.

இந்த நான்காவது வேலை மிக முக்கியமானது. நம்மிடம் பெரிய முதல் இல்லை. விளம்பரத்துக்குப் பணம் இல்லை. நம்மிடம் இருப்பது இம்மலையின் பெயர் ஒன்றே. ஓர் ஊரில் செய்த கூழ் கெட்டு ஒரு பெண்ணின் முகம் வீங்கினால், அந்த ஊரின் பெயரை யாரும் சொல்லப் போவதில்லை. ‘கொல்லிமலைச் சரக்கு’ என்றுதான் சொல்வார்கள். ஒழுங்காகத் தயாரித்த மற்றக் குழுக்களின் உழைப்பும் அத்தோடு வீணாகும்.

ஆகவே இவ்வாண்டில் பொடி, உலர்ந்த சோப்பு, தேன்மெழுகுக் களிம்பு ஆகிய மூன்றோடு தொடங்குங்கள். இம்மூன்றுக்கும் எளிய கலம் போதும். அடுத்த சந்தைக்குள் ஒவ்வொரு குழுவும் பன்னிரண்டு மாதிரிக் கலங்களைச் சோதனைக்கு வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று மாதம் கழித்து அவற்றை இதே மன்றத்துக்குக் கொண்டு வாருங்கள். அனைவரும் சேர்ந்து திறந்து பார்த்து, எந்தக் கலத்தை வாங்குவது என்று முடிவு செய்வோம். அதுவரை மொத்தக் கொள்முதலுக்கு எந்தக் குழுவும் பணம் கொடுக்க வேண்டா.